தொண்ணூற்றைந்து

முதல் தட்டல் கேட்டது
களனிப் பாலத்து ஏற்றத்தில்.
தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக்
குலுக்கினது போல.
பின்னால் லொறிக்காரன் ஹோர்னில் கைவைத்தபடி இருக்க
கார் முக்கி முக்கி ஏறியது.

பஞ்சிகாவத்தையில் சுரங்க பொனட்டைத் திறந்து
தலையைச் சரித்துக் கேட்டான்.
ஒரு குழாயை எண்ணெய்த் துணியால் தொட்டு
சிங்களத்தில் சொல்லத் தொடங்கினான்.
பதினாறு வருசப் பழக்கம் எனக்கு,
எதிரில் ஒரு வாய் அசைந்தால்
உள்ளே தமிழ் ஓடத் தொடங்கிவிடும்,
புதுக்கடை நீதிமன்றத்தில் ஓடுவது போல.

‘மூன்று சிலிண்டர்தான், மிஸ்.
ஆயிரம் சீசீ கூட இல்லை.
ஐந்து பேரையும் அரிசி மூட்டையையும்
எப்படி இழுக்குது?
எஞ்சின் விடுகிற புகையை
இது சும்மா போக விடாது.
வழியில் ஒரு சின்னச் சக்கரம், புகை அதைச் சுழற்றும்.
அதே தண்டின் மறுமுனையில் இன்னொன்று,
வெளிக்காற்றை அள்ளி
அமுக்கி அமுக்கி உள்ளே திணிக்கும்.
நிமிசத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேலே.
தாங்குவது ஒரு படலம் எண்ணெய்.’

விட்ட மூச்சைக் கொண்டே
அடுத்த மூச்சை இழுக்கிற பிராணி,
என்று பெயர்த்தேன்.
சாட்சி அப்படிச் சொல்லவில்லை.
மொழிபெயர்ப்பாளர் கூட்டிச் சொல்லவும் கூடாது.

‘அமுக்கின காற்று சுடும், மிஸ்.
அதை ஆற்றத்தான் முன்னுக்கு இந்தச் சல்லடை.
ஓடினால் ஆறும்.
பொரளைச் சந்தியில் மத்தியானம்
பஸ்ஸுக்குப் பின்னால் நின்றால்
என்னத்தை ஆறும்?
சரி, என்ன அடிக்கிறீங்கள்?’

தொண்ணூற்றிரண்டு, என்றேன்,
லீற்றருக்கு லீற்றர் மிச்சம் பிடித்த காசை
மனதுக்குள் எண்ணியபடி.

பொனட் தூசியில் விரலால் எழுதினான்: 95.
‘இதில் பலம் கூட என்று எல்லாரும் நினைக்கிறது.
பலம் இல்லை, பொறுமை.
பொறி ஓரிடத்தில் விழும்.
நெருப்பு அங்கிருந்து நடந்து வரும்.
வந்து சேரும்வரை
மற்ற மூலையில் இருக்கிற பெற்றோல்
அந்தச் சூட்டிலும் நெரிசலிலும் காத்திருக்க வேணும்.
மலிவானது காத்திராது,
தன்பாட்டில் வெடிக்கும்.
அதுதான் உங்கட டக் டக்.
கம்பியூட்டருக்குக் காது இருக்கு,
கேட்டுப் பொறியைப் பிந்தவைக்கும்.
பிஸ்டன் தப்பும், இழுவை போகும்.
மிச்சம் பிடித்த காசும் அதோடே போகும்.’

போன மாசியில், மூன்றாம் இலக்க அறை.
ஏசி வேலை செய்யவில்லை.
நீதவான் இரண்டு முறை மணிக்கூட்டைப் பார்த்துவிட்டார்.
கூண்டில் மரியநாயகம், களஞ்சியக் காவலாளி.
‘நெருப்பைக் கண்டு நான் கதவைத் திறக்க…’
என்று இழுத்தார்.
‘திறந்தேன்’ என்று
சிங்களத்தில் சொல்லி முடித்துவிட்டேன்.
அவருடைய வசனம் இன்னும்
நடந்து வந்துகொண்டிருந்தது:
‘…ஏலாமப் போச்சு.’

திருத்தினார்கள். பதிவேட்டில் ஒரு கோடு, ஒரு சுருக்கெழுத்து.
அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு
இரண்டு மொழியிலும் சொல் கிடைக்கவில்லை.
தமிழில் ‘இல்லை’ கடைசியில்தான் வரும்.
எனக்குத் தெரியாதா அது?
அதை விற்றுத்தானே சாப்பிடுகிறேன்.

ஆமர் வீதி செட்டில்
‘தொண்ணூற்றைந்து’ என்றபோது
பம்பில் நின்ற பொடியன் காரை ஒருமுறை பார்த்தான்,
என்னை ஒருமுறை.
தாங்கியில் பாதி பழையது.
பாலத்தில் ஏறும்போது இன்னும் தட்டியது,
கொஞ்சம் தள்ளித் தள்ளி.

வத்தளையில் வீட்டு வாசல்.
உடனே நிற்பாட்டக் கூடாதாம்,
ஓடிக் களைத்த சக்கரம் இன்னும் சுழலும்,
எண்ணெய் நின்றால் அந்தத் தண்டிலேயே
கருகிப் பிடித்துவிடுமாம்.
ஒரு நிமிசம் சும்மா விடச் சொன்னான்.
மேல்மாடிக்காரர் ஜன்னலைத் திறந்து
கையால் சைகை காட்டினார்,
நிற்பாட்டுங்கோ, நிற்பாட்டுங்கோ.

எண்ணிக்கொண்டிருந்தேன்.
நாற்பத்துநான்கில்
கை சாவிக்குப் போனது.