நாலு நிமிஷ ஆள்

முதலாளி போனில் ஒரு தொகை சொன்னார்.
ஒரு சீசனுக்கு, மூன்று பேருக்கு.
தலைக்கு வகுத்துப் பார்த்தேன்.
ஐஸ்கட்டிக்கு நாங்கள் கொடுப்பது
அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

ஐஸ் யாருக்கென்றால்,
அமலதாசுக்கு. முப்பத்தேழு வயது, இரண்டு முட்டிக்கும்.
ஹர்பிந்தருக்கு இடுப்பு.
பன்னீருக்கு எங்கே வலி என்று அவனுக்கே தெரியாது,
வாளியில் காலை விட்டபடி
வீட்டு லோன் பற்றிப் பேசுவான்.
முதல் பாதியில் இவர்களை யாரும் தொட முடியாது.
மூன்றாம் கால்பகுதியில் மூச்சு
பேசின் பிரிட்ஜ் ஏறும் தண்ணி லாரி.
நான்காவதில் நான் ஸ்கோர் பார்ப்பதில்லை.

நட்சத்திரம் வேண்டாம் எனக்கு.
நட்சத்திரங்களை வங்கியும் ரயில்வேயும்
மீசை முளைக்குமுன்னே ஆர்டர் கொடுத்து
அள்ளிக்கொண்டு போய்விடும்.
நாலு நிமிஷம் போதும்.
நாலே நிமிஷம் பந்தைத் தொலைக்காத
ஒரு ஜோடிக் கால்.

ஒரு மாதம் ஸ்கூட்டியில் அலைந்தேன்.
அயனாவரத்தில் ஒரு பையன், ஆறடி நாலு.
அளந்து முடிக்குமுன் அவன் அம்மா கேட்டாள்,
"வேலை பர்மனென்ட்டா?"
டேப்பைச் சுருட்டிக்கொண்டேன்.
சாந்தோமில் ஒருவன் எங்கிருந்து எறிந்தாலும் விழுகிறது.
கனடா விசாவும் விழுந்துவிட்டது அவனுக்கு.
அண்ணா நகர் அப்பா ஒருவர் வீடியோ அனுப்பினார்,
மியூசிக் போட்டு,
மகன் விட்டதையெல்லாம் வெட்டியெறிந்து.
விட்டதுதான் சார் வேணும் எனக்கு என்று பதில் போட்டேன்.
பந்து பறிபோனதும் திரும்பி ஓடுகிறானா,
இடுப்பில் கை வைத்து நிற்கிறானா?
அப்புறம் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

வியாசர்பாடி, இரவு பத்தரை.
இரண்டு கம்பத்தில் ஒன்றில்தான் விளக்கு.
வளையத்தில் வலை கிடையாது, அதனால்
பந்து உள்ளே போனதா என்று
ஒவ்வொரு தடவையும் சண்டை.
அவர்கள் சண்டையை முடிக்குமுன்
ஒருவன் மட்டும் மறுமுனைக்கு ஓடிப்போய்
தயாராக நின்றிருந்தான்.
டெலிவரி கம்பெனி பனியன்.
பெயர் கிரேசன்.

ஒளிக்காமல் சொன்னேன்.
சம்பளம் இவ்வளவு. ஆட்டம் நாலு நிமிஷம்.
சில நாள் அதுவும் இருக்காது.
"மிச்ச நேரம்?"
உட்காந்திருக்கணும்.
"அதுக்கும் சேத்துத்தான் காசா?"
ஆமா.
"அக்கா, பிரியாணிக் கடை வாசல்ல
தெனம் மூணு மணி நேரம் நிக்கிறேன்.
அதுக்கு எவன் குடுக்குறான்?"
பிறகு பாதத்தைத் தூக்கிக் காட்டினான்.
பதிமூணாம் நம்பர்.
ஷூ நீங்கதான் பாத்துக்கணும்.

ஷூவுக்கு நான் பட்ட பாடு தனி.
கடைசியில் பர்மா பஜாரில்,
இடது ஒரு நீலம், வலது ஒரு நீலம்.

கொச்சியோடு ஆட்டம். கடைசிக் கால்பகுதி.
அமலதாஸ் கையைத் தூக்கினான்,
மாற்று ஆள் கேட்டு, தானாக.
பதினைந்து வருஷத்தில் நான் பார்த்ததில்லை.
கிரேசன் உள்ளே போனான்.
எறியவில்லை. குறுக்கே நின்றான்.
கொச்சிக்காரன் வந்து மோத, விழுந்தான்.
எழுந்து மறுமுனைக்கு ஓடினான்.
மறுபடி அதையே.

அதற்குமேல் நான் களத்தைப் பார்க்கவில்லை.
பெஞ்சில் அமலதாஸ்,
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்
மடியில் வைத்தான், தொடைக்கடியில் செருகினான்,
பிறகு கிரேசன் விட்டுப்போன துண்டை எடுத்து
மடிக்கிறான், பிரிக்கிறான், மடிக்கிறான்.
"எவ்ளோ நேரம் ஆச்சு?"
ஒன்றரை நிமிஷம்.
"அவ்ளோதானா?"
என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தான்.
அந்த இடத்தில் பலகை லேசாக ஆடும்,
கிரேசனுக்குத் தெரியும், இவனுக்குத் தெரியாது.

மூன்று புள்ளியில் தோற்றோம்.
தாளில் கிரேசன் பெயருக்கு நேரே
வரிசையாகச் சைபர்.
நிமிஷக் கட்டத்தில் மட்டும் 4:10.
பத்து விநாடி கூடுதல்.
முதலாளி கேட்டால்
ஐஸ் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.