நாலு டொலர் வடிகட்டி

வினிபெக், செயின்ற் பொனிஃபஸ்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
பேஸ்மென்ற்றில் நான், மேலே ரெமி,
இரண்டு பேருக்கும் ஒரே செப்புக் கம்பி.
பில் அவன் பெயரில் வரும்,
என் பங்கு மாதம் பதினேழு டொலர்.

ஃபேர்னஸுக்குப் பின்னால் இருந்தது சுவர்த்துளை.
முழந்தாளிட்டு, ரோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
சாம்பல் வயரை மொடெத்தில் கொளுவினேன்,
மஞ்சளை ரவுட்டரில்.
முதல் விளக்கு உடனே எரிந்தது.
இரண்டாவது இமைத்தது, இமைத்தது,
பனிக்குள் பஸ்ஸுக்கு நிற்பவன்
காலை மாற்றி மாற்றி ஊன்றுவதுபோல.
பிறகு அசையாத பச்சை.

ரெமி படியில் குந்தியிருந்து பார்த்தான்.
நெற்வேர்க்குக்கு ஒரு பெயர் கேட்குது என்றேன்.
பிஸ்கோ என்றான்,
செத்துப்போன அவனுடைய நாய்.
கடவுச்சொல் என் முறை.
நிரோஜினியின் பிறந்த நாளைப் போட்டேன்.
அன்றிலிருந்து இந்த வீட்டில்
நாயைக் கூப்பிட்டு, என் மனுசியின் பிறந்த நாளைச் சொன்னால்
கதவு திறக்கும்.

ஞாயிறு இரவு ஏழு மணி என்றால்
வவுனியாவில் திங்கள் காலை ஆறரை.
தலை துவட்டிக்கொண்டே திரைக்கு வருவாள்.
விசா, வாடகை, கடைவாய்ப் பல்லு,
"ஓ, சொல்ல மறந்துபோனன், நேற்று..."
அந்த இடத்தில் உறைந்துவிடுவாள்.
வாய் பாதி திறந்தபடி,
துவாய் அந்தரத்தில்.
பச்சை திரும்ப இமைக்கத் தொடங்கும்.
அவள் மீண்டு வரும்போது
பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டிருக்கும்.

அடுத்த ஞாயிறும் அப்படி.
கொம்பனிக்கு அடித்தேன்.
கழற்று, முப்பது எண்ணு, திரும்பக் கொளுவு என்றார்கள்.
எண்ணினேன்.
புது வயர் வாங்கினேன்.
ஃபேர்னஸை வைதேன்.
கடைசியில் ரவுட்டருக்குள்ளேயே போய்
அது எழுதி வைத்திருந்த குறிப்பைத் திறந்தேன்:
ஞாயிறு 7.10 அறுந்தது, 7.21 வந்தது.
ஞாயிறு 7.12 அறுந்தது, 7.20 வந்தது.
ஒரு புதன்கிழமை அரை நிமிடம்.
திரும்பவும் ஞாயிறு, ஞாயிறு.
ஐந்து கிழமைக்கு அவ்வளவுதான்.

மேலே ஏறிப் போனேன்.
சமையலறைச் சுவரில் ஒரு பழைய ரெலிபோன்,
சுருள் வயர் இளகித் தரையில் கிடந்தது.
"ஞாயிறில் ஜோசியான் எடுப்பாள்" என்றான் ரெமி.
மகள். கல்கரியில்.
"புதன்கிழமை?"
"பிழையான நம்பர்."

கம்பியின் கீழ்த்தட்டில் போவது பேச்சு,
மேலே, காதுக்கு எட்டாத உயரத்தில் இன்ரநெற்.
இடையில் ஒரு வடிகட்டி இல்லாவிட்டால்
மணி அடிக்கிற நேரம் மேலே போவது இடறி விழும்.
இது நான் அவனுக்குச் சொன்னது.
எனக்குள் கணக்கு வேறு:
அவன் மகள் வாயைத் திறந்தால்
என் மனுசியின் வாய் நின்றுபோகுது.

"ஆறு மணிக்கு எடுக்கச் சொல்லட்டா?"
"ஐயோ வேண்டாம்" என்றேன்,
அவ்வளவு அவசரமாகச் சொல்லியிருக்கத் தேவையில்லை.

நாலு டொலர். தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பிளாஸ்ரிக்.
கொளுவி முடிக்க ஒரு நிமிடம்.
ரெமி ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்து
தொனி இருக்கிறதா என்று பார்த்தான்.
இருந்தது.

அதற்குப் பிறகு நிரோஜினி உறையவில்லை.
அதிபரின் ஸ்கூட்டருக்குள் பாம்பு புகுந்த கதையை
வால்வரைக்கும் சொன்னாள்.
ஏழு பத்துக்கும் பச்சை, ஏழு இருபதுக்கும் பச்சை.

மார்ச்சில் ஒரு ஞாயிறு
ஹெட்போனைக் கழற்றிவிட்டு முகட்டைப் பார்த்தேன்.
"என்ன, திரும்பவும் போயிட்டுதோ?"
"இல்லை, ஒரு நிமிசம் இரு."
குறிப்பைத் திறந்தேன்.
ஒரு வரிகூட இல்லை.
நல்ல லைன்.
அதில் ஆராவது கதைத்தார்களா என்று
அது இனி எழுதப்போவதில்லை.

மேலே கதிரை இழுபட்டது.
ரெமியின் செருப்பு சமையலறை வரைக்கும் போய்
அங்கேயே நின்றது.