ஏழேமுக்கால்

செக்கானூரணி ரைஸ்மில் ஷெட்டில்
தார்ப்பாயை விலக்கியதும் முதலில் தெரிந்தது
எலிப்புழுக்கை.
அப்புறம் குதிரை:
கிரில்லின் நடுவே நாலுகால் பாய்ச்சலில்
நின்ற இடத்திலேயே நிற்கிறது.

மஸ்டாங், அறுபத்தெட்டு. பக்கத்தில்
கமாரோ, அறுபத்தொன்பது; நிறம் நீலம் என்று
ஆர்.சி. புத்தகம் சொல்கிறது, நானும் நம்புகிறேன்.
பாகப்பிரிவினை. அண்ணன் தவசி, தங்கை மாயக்காள்.
எது எவ்வளவு பெறும் என்று எழுதித்தர வேண்டியவன் நான்,
அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளன்,
இதுவரை அதிகம் பார்த்தது டிராக்டர்.

சிக்கந்தர் பாவா பானட்டுக்குள் தலையை விட்டு
டார்ச் அடித்தார்.
குதிரைக்கு எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும்
ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.
எட்டு சிலிண்டர். ஒரு திருகாணிகூட மாறவில்லை.
ஸ்டார்ட் ஆகவில்லை.
"இப்ப பெட்ரோல்ல கலக்குற ஸ்பிரிட்டு
கார்புரேட்டர் ரப்பரத் தின்னுபுடுச்சு."
வாயால் உறிஞ்சி, துப்பி,
மில் ஆட்கள் ஆறு பேர் தள்ளி,
ஒரே ஒருமுறை இருமியது.
ஷெட்டுப் புறாக்கள் அத்தனையும் பறந்தன.
நான் கண்ட குதிரைத்திறன் அவ்வளவுதான்.

கமாரோவைத் திறந்ததும் பாவா சிரித்துவிட்டார்.
உள்ளே பெர்க்கின்ஸ் டீசல்.
"தொண்ணூத்தி மூணுல நாந்தான் மாத்துனேன்,"
என்றாள் மாயக்காள்.
"லிட்டருக்கு மூணு குடுத்தா
யாரு கட்டிக்கிட்டு அழுகுறது?"
ஒரிஜினல் எஞ்சின்?
"தேனிப் பக்கம் ஒரு கெணத்துல தண்ணி எறைச்சுச்சு.
அப்பறம் தெரியல."

ஓட்டிப் பார்க்கணும் என்றேன், விதிப்படி.
அவளே ஏறினாள். இடதுபக்க ஸ்டியரிங்.
வலதுபக்கம் உட்கார்ந்த என் காலுக்கு
மிதிக்க ஒன்றுமில்லை, ஆனாலும்
குறுக்கே வந்த கிடையாட்டுக்கு மிதித்தது.
திருமங்கலம் தாண்டி நாலுவழிச்சாலையில்
அறுபது.
அறுபத்தைந்தில் கதவு பேசத் தொடங்கியது.
மல்லிகை மூட்டை ஏற்றிய மினிவேன் ஒன்று
ஹாரன்கூட அடிக்காமல் எங்களைத் தாண்டிப் போனது.

கப்பலூர் டோல்கேட்டில் பூத்து என் பக்கம்.
"அண்ணே, கையக் கட்டிக்கிட்டு எப்பிடி ஓட்டுறீங்க?"
என்றது சீட்டுக் கிழிக்கிற பிள்ளை.
அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்த மாயக்காள்
"உள்ளூர் வண்டி தாயி" என்றாள்.
பிள்ளை வண்டியை ஒருதரம் முழுசாகப் பார்த்தது.
காசை நான்தான் கொடுத்தேன்.

ராத்திரி உட்கார்ந்து எழுதினேன்.
மஸ்டாங். ஓட்டம்: இல்லை. சேகரிப்போர் மதிப்பு: மிக அதிகம்.
முப்பத்தெட்டு லட்சம்.
கோயம்புத்தூரில் ஒருவர் படத்தை மட்டும் பார்த்து
நாற்பது என்கிறார்,
ஓடுமா என்று அவர் கேட்கவேயில்லை.
கமாரோ. ஓட்டம்: உண்டு.
நெல்மூட்டை, மூன்று தேர்தல்,
செல்லம்பட்டி விலக்கில் பின்சீட்டில் ஒரு பிரசவம்
இதற்கெல்லாம் படிவத்தில் கட்டம் கிடையாது.
கூட்டிக் கழித்தால் ஏழரை லட்சம் வந்தது.
ஏழரை என்று எழுதப் பேனா வரவில்லை;
அண்ணன் தங்கைக்குள் ஏற்கெனவே நடப்பது அதுதான்.
ஏழேமுக்கால் என்று போட்டேன்.

காலையில் தவசி போன் செய்தார்.
"குதிரை எனக்கு. சரி. சந்தோசம்.
அதை உசிலம்பட்டிக்குக் கொண்டுபோகணும்.
நான் அவகூடப் பேசுறதில்ல,
நீங்கதான் சொல்லணும்:
அந்த டீசல் வண்டியில கயித்தக் கட்டி
கொஞ்சம் இழுத்து விடச் சொல்லுங்க."