ஆறு பிரேம் தாமதம்

ஃபோவிங்கெலில், தொங்குரயிலுக்கு அடியில் சந்தை.
பதினெட்டு யூரோவுக்கு வாங்கினேன்:
மஞ்சள் பாரித்த சாம்பல் பெட்டி, இரண்டு கைப்பிடி,
ஒன்றின் வயரில் நாய் கடித்த தடம்.
"ஓடும்," என்றார் விற்றவர்,
"உங்கட ரீவிதான் ஒத்துக்கொள்ளாது."

ஒத்துக்கொள்ளவில்லை.
அறுபத்தைந்து அங்குலத்தில்
பழைய வயர் குத்த ஓட்டையே இல்லை.
தீப்பெட்டி அளவில் ஒரு மாற்றி வாங்கிச் சொருகினால்
கலியாண வீட்டுக்குப் போய்வந்தவன்போல
பக்கவாட்டில் ஊதியிருந்தான் வீரன்.
நாலுக்கு மூன்று என்று திருத்தினேன். இளைத்தான்.
இரு கரையும் கறுப்பு;
கதவிடுக்கால் பார்ப்பதுபோல நடுவில் ஒரு உலகம்.

முதற் பள்ளத்திலேயே விழுந்தேன்.
ஒன்பதாம் முறையும் அதே பள்ளம்.
பன்னிரண்டு வயதில், ரால்ஃப் வீட்டில்,
முதுகு பெருத்த ரீவியில்
கண்ணை மூடிக்கொண்டு தாண்டியது.
விரல் சரியாகத்தான் அமத்தியது,
படம்தான் ஆறு பிரேம் பிந்தி வந்தது.
செக்கனில் பத்திலொன்று.
அதற்குள் ஒருவன் சாகலாம்.

இரவு வேலை முடிந்து சுபோதினி வந்தாள்,
சப்பாத்தைக் கழற்றாமலே மற்றக் கைப்பிடியை எடுத்தாள்.
பிறந்ததிலிருந்து இதைத் தொட்டதில்லை.
இரண்டு முறை விழுந்தாள்.
மூன்றாம் முறை விளிம்புக்கு ஒரு சாண் முன்பே அமத்தினாள்,
தாண்டினாள்.
"நேரத்தோட அமத்தவேணும். அவ்வளவுதான்."
என் தேத்தண்ணி ஆறமுன்
ஐந்தாம் கட்டத்தில் நின்றாள்.

எனக்கு மானம் போயிற்று.
ரீவியின் பட்டியலுக்குள் இறங்கி
ஏழு கதவு திறந்து
'விளையாட்டு முறை'யைக் கண்டுபிடித்துப் போட்டேன்.
திரையின் மினுக்கம் போனது, தாமதமும் போனது.
என் விரலும் வீரனும் சமாதானமானார்கள்.

இப்போது அவள் விழத் தொடங்கினாள்,
ஒவ்வொரு முறையும் வெள்ளனக் குதித்து
பள்ளத்தின் சரி நடுவில்.

"என்ன செய்தனீங்கள்?"
"சரியாக்கினேன்."
"ஆருக்கு?"

வெளியே ரயில் தொங்கிக்கொண்டு போனது.
போன பிறகும் யன்னல் கண்ணாடி கொஞ்சம் நடுங்கியது.

பிறகு ஒப்பந்தம்:
அவள் முறைக்குத் தாமதம், என் முறைக்கு வேகம்,
ரிமோட் இருவருக்கும் நடுவில்.

இன்றைக்கு அவள் முறையில் ரிமோட்டின் பற்றரி செத்துவிட்டது.
ஞாயிற்றுக்கிழமை; வுப்பர்டாலில் ஒரு கடையும் இல்லை.
தாமதத்திலேயே நிற்கிறது ரீவி.
கைப்பிடியை என்னிடம் நீட்டுகிறாள்.

விளிம்பு வருகிறது.
"நேரத்தோட," என்கிறாள்.
அந்தச் சொல் வந்து சேரமுன்
விழுந்துவிடுகிறேன்.