பதினாலாம் வளைவில் கான்னிசரோ

மலைப் பேருந்தில் புத்தகம் திறந்தால்
குடல் வாய்க்கு வரும்.
ஜூன் மாதத்தின் முதல் வாரத்திலேயே
உலோகவியல் பாடம் முழுவதையும்
ஜன்னல் வழியே கொட்டிவிட்டாள் அஃப்ரின்.
அன்றிலிருந்து புத்தகம் பைக்குள்,
எலுமிச்சை கைக்குள்.

ஏற்காட்டில் ஆறு ஐம்பதுக்குக் கிளம்பும் வண்டி.
இருபது கொண்டை ஊசி வளைவு,
வளைவுக்கு ஒரு கேள்வி.
ஒருத்தி கேட்பாள், ஒருத்தி சொல்வாள்,
மூன்றாமவள் தப்பைப் பிடிப்பாள்.
அடுத்த பலகை தெரிவதற்குள் பதில் வராவிட்டால்
உள்ளங்கையில் நீலப் பேனாவால்
'பாக்கி' என்று எழுதிக்கொள்ள வேண்டும்.
சாயங்காலம் மலையேறும்போது
அந்தக் கையைத்தான் முதலில் நீட்ட வேண்டும்.

எனக்கு இதில் அவ்வளவாக விருப்பமில்லை.
வகுப்பில் முதல் மதிப்பெண் நான்.
அழகாபுரம் ட்யூஷனில் தந்த
நாற்பது பக்க ஜெராக்ஸ்
என் டிபன் பாக்ஸுக்கு அடியில் இருந்தது.
இவர்களிடம் சொல்லவில்லை.
சாம்பார் கசிந்து ஓரம் மஞ்சளானபோதும்
சொல்லவில்லை.

காலாண்டில் முப்பத்தொன்று எடுத்தவள் சிந்துஜா.
நாகலூரிலிருந்து இருட்டிலேயே புறப்பட்டு வருவாள்.
ஐப்பசி மழை, கண்ணாடியெல்லாம் ஆவி.
பதினாலாம் வளைவில்
கான்னிசரோ வினையை மூச்சு விடாமல் ஒப்பித்தேன்.
செறிந்த காரம்,
ஒரு மூலக்கூறு ஆல்கஹாலாக ஒடுங்கும்,
இன்னொன்று அமில உப்பாகும்.

"ஆல்ஃபா ஹைட்ரஜன் இருந்தா ஏன் நடக்காது?"
என்றாள்.

சிரித்தேன்.
பதின்மூன்று போனது.
"புக்ல அப்படித்தான் போட்டிருக்கு" என்றேன்.
பன்னிரண்டில்
எதிரே வந்த லாரிக்கு வழிவிட்டு
வண்டி பின்னால் நகர்ந்தபோதும்
அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
கேலியாக இல்லை.
எனக்குத் தெரியும் என்று நம்பிக்கொண்டு.

அஸ்தம்பட்டியில் இறங்கும்போது
என் கையில் முதல் பாக்கி.

மதியம் சைக்கிள் ஸ்டாண்டில்
மூன்று பேரும் புத்தகத்தோடு மல்லுக்கட்டினோம்.
கண்டுபிடித்தது சிந்துஜாதான்.
அந்த ஹைட்ரஜனைக் காரம் முதலில் கவ்விக்கொள்ளும்,
வினை ஆல்டால் பக்கம் ஒடித்துத் திரும்பிவிடும்.
"நம்ம டிரைவர் மாதிரி" என்றாள் அஃப்ரின்.

வியாழக்கிழமை ஜெராக்ஸை வெளியே எடுத்தேன்.
இத்தனை நாள் எங்கே இருந்தது என்று
யாரும் கேட்கவில்லை.
சிந்துஜா மட்டும் கறையை முகர்ந்து
"முருங்கைக்காயா?" என்றாள்.

தை பிறந்தபோது
செவ்வாய்ப்பேட்டைக்கு மிளகு மூட்டை கொண்டுபோகும் ஒருவர்
முன் சீட்டிலிருந்து திரும்பி,
"நேத்து வேற மாதிரி சொன்னியேம்மா?" என்றார்.
யோசித்துப் பார்த்தோம்.
நேற்றுச் சொன்னதுதான் சரி.

மார்ச். தேர்வறை.
கிறீச்சிடும் ஒரு மின்விசிறி.
மூன்று மதிப்பெண் வினாவில் அதே வினை.
எழுத எழுத
என் தோள் தானாக இடப்பக்கம் சாய்ந்தது.
இரண்டு மேசை முன்னால்
சிந்துஜாவின் ஜடையும் சாய்ந்திருந்தது.

"நேரா உக்காரும்மா" என்றார் கண்காணிப்பாளர்.

யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.
இரண்டு பேருமே நிமிர்ந்தோம்.