இடையில் மூன்று மாரி

நாவலில் அது ஒரே வரி.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், அடியில்,
அச்சு மை தேய்ந்துபோன இடத்தில்:
அதன் பிறகு மூன்று மாரி போயிற்று.
அடுத்த பக்கத்தில் அன்னப்பிள்ளை
காதோரம் நரையோடு
படலையைத் திறக்கிறாள்.

"மூண்டு மாரிக்குள்ள என்ன நடந்தது?"
ஸ்காபரோவிலிருந்து தயாரிப்பாளர் கேட்டார்.
அவருக்குப் பின்னால் யன்னலில் பனி.
"அவர் ஒண்டும் எழுதேல்லை அண்ணை."
"அப்ப நீர் எழுதும்.
பன்னிரண்டு கிழமை ஓட வேணும்."

எழுதினேன்.
முதல் மாரிக்கு ஒரு மொட்டைக் கடிதம்.
இரண்டாவதுக்கு,
நாவலில் ஒரேயொரு தரம் மாடு அவிழ்க்க வந்துபோகும் மச்சானுக்கு
சங்கானைச் சந்தையில் ஒரு காதல்.
மூன்றாவதுக்குக் கிணற்றுக்குள் நகைப்பெட்டி.
கிழமைக்கொருவர் கதவடியில் நின்று திடுக்கிட
சவர்க்கார விளம்பரம் வரும்.

எழுதியவர் செத்து நாற்பது வருடம்.
உரிமைப் பத்திரத்தில் ஒப்பமிடும்போது மகன்
ஒன்றுதான் கேட்டார்:
"அப்பாவின்ர படம் கடைசியில காட்டுவியளோ?"

சென்னையிலும் விற்க வேண்டுமாம்.
'கதை' என்றால் அங்கே வேறு கருத்து,
எல்லா இடத்திலும் 'பேச்சு' என்று மாற்று என்றார்கள்.
கணினி ஒரு தட்டில் மாற்றித் தந்தது.
முதல் பக்கத்தில் என் பெயருக்கு முன்னால்
திரைக்பேச்சு
என்றிருந்தது.
இரண்டு நாள் அதை அப்படியே விட்டிருந்தேன்.

அராலியில் வீடு கிடைத்தது.
இராசமலர் அன்ரியின் வீடு, தபால் கந்தோரில் இருந்து இளைப்பாறியவர்.
ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்துநாலு வேண்டும் எங்களுக்கு:
நீலத் தண்ணீர்த் தாங்கியைக் கிடுகால் மறைத்தோம்.
டிஷ்ஷைக் கழற்றினோம்.
மேற்குச் சுவரில் ஓட்டைகள்.
நாவலுக்குள் இன்னும் சண்டை வரவில்லை என்பதால்
கலைப் பகுதி நிரோஜன் ஒவ்வொன்றாய்ப் புட்டி வைத்து
சுண்ணாம்பு அடித்தான்.
முப்பத்தேழு, எண்ணிக் கொப்பியில் குறித்தான்.
வீடு இருந்தபடியே திருப்பிக் கொடுக்கப்படும் என்று
ஒப்பந்தத்தில் இருக்கிறது.

அன்ரி குசினி வாசலில் நின்று பார்த்தார்.
"எப்ப வந்தது இது?" என்று கேட்டேன்,
கேட்காமல் விட்டிருக்கலாம்.
"தொண்ணூற்றைஞ்சில வெளிக்கிட்டனாங்கள்.
அதுக்குப் பிறகு ஆறு மாரி போச்சுது.
வந்து பார்க்க இப்பிடி.
தேத்தண்ணிக்குச் சீனி போடுறதோ?"

அந்தப் புத்தகத்தை அவர் வாசித்ததில்லை.
அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு
எழுத்து மெத்தச் சின்னன் என்று தந்துவிட்டவர்.

என் வாய்க்குள் தயாரிப்பாளரின் கேள்வி நின்றது.
"அரைவாசிச் சீனி காணும்" என்றேன்.

கடிதமும் காதலும் எடுத்து முடிந்துவிட்டன.
நகைப்பெட்டி மட்டும் மிச்சம்.
அன்றிரவு அதை வெட்டிவிட்டு எழுதினேன்:
மழை. கிணற்றுக்கட்டு.
அன்னப்பிள்ளை வாளியைக் கவிழ்த்து வைக்கிறாள்.
மழை.
இரண்டு நிமிடம். வசனம் இல்லை.

"ஒரு நிமிசம் தரலாம்" என்றார் ஸ்காபரோ.
"பின்னால வயலின் போடுவம்."
பேரம் பேசி
ஒன்றரைக்கு வந்தோம், வயலினோடு.

எடுக்கிற அன்று வானம் பொய்த்தது.
பவுசர் பிடித்து
மழை பெய்வித்தோம், பதினெண்ணாயிரம் ரூபா.

கடைசி நாள்
எல்லாரும் வயர் சுற்றிக்கொண்டிருக்க
நிரோஜன் ஸ்குரூ டிரைவரால் புட்டியைத் தோண்டினான்.
தோண்டியதை ஊதி, அளவு பார்த்து,
போட்டோவோடு ஒப்பிட்டு.
முப்பத்தாறு.
கொப்பியைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான்,
டோர்ச் அடித்தான், கையால் தடவினான்.
"அன்ரி, ஒண்டு குறையுது."

கண்ணாடியும் போடாமல் வந்தார்.
கைகளில் மீன் செதில்.
யன்னலுக்கு ஒரு சாண் இடப்பக்கம்,
குனிந்து, ஒரு விரலை வைத்தார்.

"இஞ்ச."