மாசிலாமணிக்குத் தண்ணீர் ஊற்றியது

ரெஜைனாவில் அன்றைக்கு மைனஸ் முப்பத்தொன்று.
மண்டபத்துக்கு வெளியே
கார்கள் எல்லாம் மூக்கில் வயர் செருகி
மின்சாரம் குடித்துக்கொண்டு நின்றன,
ஆஸ்பத்திரி வார்டு மாதிரி.
அவன் இருந்தால் சொல்லியிருப்பான்:
"பாருய்யா, அதுங்களுக்கும் ட்ரிப் ஏத்திட்டாங்க."

அவன் படுத்திருந்தான்.
இருபத்திரண்டு வருடம்
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
அடுத்தவர் படுக்கை விரிப்பை மடித்தவனுக்கு
இன்று அவனுடைய ஷிஃப்ட் ஆட்களே விரித்திருந்தார்கள்.
ஒரு சுருக்கம் இல்லை.
ரொவீனா இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாளாம்.

தங்கை ஒருத்தி, தங்கவயலில்.
விசாவுக்கு நாள் போதவில்லை.
போனைப் பூச்சட்டியில் சாய்த்து வைத்தோம்.
அங்கே நடுச்சாமம்.
அவளுக்குப் பின்னால் ஒரு சுவர்க் கடிகாரமும்
நீலக் கோட்டுப் படமும்.

பிக்கு லாவோஸ்காரர்.
காவிக்கு மேல் அதே நிறத்தில் கம்பளித் தொப்பி,
காலில் பனிச் சப்பாத்து.
சஸ்கட்டூனிலிருந்து யாரோ ஏற்றி வந்தார்கள்.
வந்ததும் முதலில் கழிப்பறை எங்கே என்று கேட்டார்.
எனக்கு அவரைப் பிடித்துப்போனது,
ஓதத் தொடங்கும்வரை.

பாலி எல்லா ஊரிலும் பாலிதான்.
எனக்கு அது ஒலிபெருக்கியின் மொழி.
காவலரணுக்குப் பக்கத்தில், அரசமரத்தடியில்
ஒரே ராத்திரியில் முளைத்த சிலையின் பின்னாலிருந்து
விடிய ஐந்து மணிக்கு
எங்கள் கூரையில்லாத வீட்டுக்குள் வரும்.
அம்மா அடுப்பை விட்டு எழும்பிக்
காதைப் பொத்துவாள்.

மாசிலாமணிக்கு இது தெரியும்.
ஒரு வெசாக்குக்கும் என்னைக் கூப்பிட்டதில்லை.
மறுநாள் பாயாசத்தை மட்டும்
பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் கொண்டுவந்து தருவான்.
ஒருமுறை நானே கேட்டேன்:
"வேற சமயமே கிடைக்கேல்லையோ உனக்கு?"
சிரித்தான்.
"எங்கப்பா சுரங்கத்துல அஞ்சாயிரம் அடி கீழே போனா
எல்லாருக்கும் ஒரே கறுப்பு மூஞ்சி.
மேலே வந்து மூஞ்சி கழுவுறப்போ
யாருக்கு எந்தக் குழாய்னு பிரிஞ்சிடும்.
தாத்தா அந்த வரிசையே வேணாம்னு
புத்தர்கிட்ட போய்த் தண்ணி குடிச்சாரு.
உங்க ஊர்ல அவரைக் காவலுக்கு நிறுத்தினவன்
அவரைக் கேட்டா நிறுத்தினான்?"

நான் பதில் சொல்லவில்லை.
எங்கள் ஊர்க் கிணற்றடியில்
குடத்தோடு யார் தள்ளி நின்றார்கள் என்பது
எனக்கும் ஞாபகம் இருந்தது.

அவன் வீட்டுக் குளிர்ப்பெட்டிக் கதவில்
காந்தத்துக்குக் கீழே ஒரு தாள்.
சாப்பாடு சைவம். டார்சிக்கு மட்டும் கோழி.
பேச்சு வேணாம்.
தண்ணி ஊத்துறது: தெய்வேந்திரம்.
மாட்டேன்னா விட்டுடுங்க.

அந்தக் கடைசி வரிதான்.

செம்பு கிடைக்கவில்லை,
ரொவீனா வீட்டுத் தேநீர்க் கெண்டி.
கீழே கண்ணாடிக் கிண்ணம்.
அது நிரம்பி வழிய வேண்டும்,
வழிவதுதான் போய்ச் சேருமாம்.
கெண்டியை நான் பிடிக்க
என் முழங்கையை ரொவீனா தொட்டாள்,
அவள் தோளை டார்சி,
டார்சியின் முதுகை
இரவு ஷிஃப்ட்டில் யாரோ, பெயர் தெரியாது.
போனிலிருந்து தங்கை சொன்னாள்:
"அண்ணா, நானும் தொட்டுக்கணும்."
ஒருத்தர் போனை எடுத்து
என் கம்பளிக் கையில் சாய்த்துப் பிடித்தார்.

ஊற்றினேன்.
ஓதல் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது.
எனக்குள் ஒன்றும் கரையவில்லை,
அவன் முன்னால் பொய் சொல்ல மாட்டேன்.
கிண்ணம் நிரம்பி வழிந்தது,
தட்டில், மேசைவிரிப்பில், என் சப்பாத்தில்.
போதும் என்று பிக்கு கை காட்டினார்.
கெண்டியில் இன்னும் கொஞ்சம் இருந்தது.
அதையும் ஊற்றினேன்.

பிறகு அந்தத் தண்ணீரை
ஒரு மரத்தின் வேரில் விட வேண்டும் என்றார்கள்.
டார்சி ஜன்னலைப் பார்த்தான்.
தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு எல்ம் மரம்,
ஒரு இலை இல்லை.
கோட்டுப் போட நேரமில்லை.
இரண்டு கையாலும் கிண்ணத்தை மூடிக்கொண்டு
எல்லோரும் ஓடினோம்,
பின்னால் தொப்பியைப் பிடித்தபடி பிக்குவும்,
உறைவதற்கு முன்.